ஆறு வெள்ளைப் பைகள்

அப்பா போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். கோடி வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்து வயதில் எங்கள் அப்பாவுக்குப் 'பாய் வித்தவன்' என்று பேர் வைத்தவள் அவள்தான். அவளுக்கு அது ஞாபகம் இருக்காது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏனென்றால் நானும் மனசுக்குள் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்து வருஷமாக.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வெளுக்கிற களத்தில் என்னோடு கயிறு பிடித்து, என்னோடு அடி வாங்கி வளர்ந்த உங்களுக்கு. நான் நாலாம் கிளாஸோடு நின்றவள், அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து கோயில் பஜனை நோட்டைப் பார்த்துப் பழகியது. தப்பு கண்டால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகப் படியுங்கள்.

கேரளம் என்று புதுப் பேர் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். மழை விட்டு, காயல் தண்ணி கலங்கல் தெளிந்து, கடல்காற்று நேரத்துக்கு வர ஆரம்பிக்கும் மாசம். அப்போதுதான் தொரைமார்களின் கிளப்பில் பாய்மரப் படகுப் பந்தயம் தொடங்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டாஞ்சேரி படகுத்துறையில் போய் வரிசையாக உட்காருவோம். பின்னால் கிடங்குகளில் இருந்து சுக்கு வாசனையும் கொப்பரை வாசனையும் வரும். முன்னால் ஆறு குட்டி வள்ளங்கள். அவர்கள் டிங்கி என்பார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். பின்னால் இருப்பவர் சுக்கான் பிடிப்பார், முன்னால் இருப்பவர் கயிறு பிடிப்பார். ஒரு வெடி போடுவார்கள். ஆறு வெள்ளைப் பாயும் ஒரே பக்கமாகச் சாயும். தண்ணியில் மிதக்கிற தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு, தீவுப் பக்கம் போய், திரும்பி வரவேண்டும். டிரம்மைத் தொட்டால் அவர்களே பந்தயத்தை விட்டு விலகிவிட வேண்டும். யாரும் சொல்ல வேண்டியதில்லையாம். அதைக் கேட்டு நாம் எவ்வளவு சிரித்தோம். "தொட்டுட்டுத் தொடலைன்னு சொன்னா யாருக்குத் தெரியும்?" என்று உங்களில்தான் யாரோ கேட்டீர்கள்.

நீங்கள் வள்ளத்தைப் பார்த்தீர்கள். நான் பாயைப் பார்த்தேன். அந்த ஆறு பாயையும் வெளுத்தது எங்கள் வீடு.

வெளுத்தது என்று சொன்னால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். "பாயை வெளுக்கறது இல்ல, குளிப்பாட்டறது" என்பார். கல்லில் அடிக்கக் கூடாது. பிழியக் கூடாது. வெள்ளாவி வைக்கக் கூடாது, கஞ்சி கூடாது, இஸ்திரி கூடவே கூடாது. நல்ல தண்ணியில் ஊறப்போட்டு, உப்பு இறங்க இறங்கத் தண்ணியை மாற்றி, நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டும். உப்பு நின்றால் துணி ஈரத்தை இழுக்கும், ஈரம் இழுத்தால் பாய் கனக்கும், கனத்தால் வள்ளம் ஓடாது. அப்பாவுக்கு இதெல்லாம் கிளப்பின் படகுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்த சேட்டன் சொல்லிக்கொடுத்தது. பாயை முக்கி எடுக்கும்போது அப்பாவின் வலதுகை தானாகத் தோளுக்குமேல் போகும், கல்லில் அடிக்க. பிறகு ஞாபகம் வந்து இறக்கிக்கொள்வார். அம்மா சிரிப்பாள். "மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த மாதிரி கொஞ்சறீங்களே, என் புடவைய ஒரு நாள் இப்படி முக்கி எடுங்க பாப்போம்."

ஆறில் அஞ்சு பாய் முரட்டுத் துணி. ஆறாவது வேறு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தொரை அதை விட்டுவிட்டுப் போயிருந்தார். வெளிநாட்டில் நெய்தது. கையில் எடுத்தால் நனைந்த துணி என்றே தோன்றாது. காற்று லேசாக இருக்கிற நாளில் மற்ற அஞ்சும் தொங்கிக்கொண்டு கிடக்கும்போது அது மட்டும் வயிறு நிறைந்து நிற்கும். முந்தின வருஷம் எல்லாப் பந்தயத்தையும் அந்தப் பாய்தான் ஜெயித்தது. அதனால் கிளப்பில் முணுமுணுப்பு வந்து, அந்த வருஷம் புதுச் சட்டம் போட்டார்கள். ஒரே மாதிரி ஆறு வெள்ளைப் பை. ஒவ்வொன்றிலும் ஒரு பாய். மாசம் ஒரு தடவை ஆறு பேரும் எதில் எந்தப் பாய் என்று தெரியாமல் ஒவ்வொரு பையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல பாய் யாருக்கு விழுகிறதோ அந்த மாசம் அவர் பாடு கொண்டாட்டம்.

சேட்டன் களத்துக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். "ஆறும் ஒண்ணு போல இருக்கணும் கேட்டோ. செக்ரட்டரி தொர சொல்லியிருக்கு. அடையாளம் ஒண்ணும் வேண்டா. மனசிலாயோ?"

"மனசிலாச்சு சேட்டா" என்றார் அப்பா.

அன்றைக்கே வீட்டுக்குள் உட்கார்ந்து சேங்கொட்டை மையைத் தொட்டு ஆறு பைக்கும் குறி போட்டார். நான்தான் மைக்கிண்ணம் பிடித்தேன். கையில் பட்டால் வெந்துவிடும் என்று முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு.

நம் வீடுகளில் இது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறி இல்லாத துணி உள்ளே வராது. இருபது வீட்டுத் துணி ஒரே வெள்ளாவியில் வேகும்போது குறி ஒன்றுதான் நமக்குக் காவல். ஒரு துணி மாறினால் நம் தலைதான் உருளும். வேண்டாம் என்று தொரை சொன்னாலும் அப்பாவின் கை கேட்காது. ஒவ்வொரு பாயின் கீழ்மூலையிலும் முன்பே என்ன குறி இருந்ததோ அதையே அந்தந்தப் பைக்கும் போட்டார். பையின் வாயில் கயிறு ஓடுகிற மடிப்பு இருக்கிறதே, அதற்கு உட்பக்கம். நல்ல பாய்க்கு இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும்.

"தொரை வேண்டாம்னு சொன்னாரே அப்பா?"

"வெளிய தெரிஞ்சாத்தானே குட்டி. நம்ம குறி நமக்குத்தான் தெரியும். வேற யாரு படிக்கப் போறா?"

வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நம்பினேன்.

முதல் தடவை பை எடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவோடு போனேன். கிளப்பு ஜெட்டியில் ஒரு பெரிய பிரம்புக் கூடையில் ஆறு பையையும் அப்பா வைத்தார். பந்தயம் தொடங்க நேரம் இருந்தது. காப்பிக் கம்பெனித் தொரை ஒருத்தர், மீசை இல்லாமல், வெயிலில் மூக்கு உரிந்துபோய் இருப்பார், அவர் என்னைத் தூக்கி, கரையில் நிறுத்தியிருந்த வள்ளத்தில் உட்காரவைத்தார். பெப்பர்மிண்ட் கொடுத்தார். அவருக்குக் கொஞ்சம் மலையாளம் தெரியும். "பேரு எந்தா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்பா நல்ல வேலை" என்று தமிழ் மாதிரி ஏதோ சொன்னார். வள்ளத்தின் உள்ளே வார்னிஷ் வாசனை. சுக்கானைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அவ்வளவுதான், இறக்கிவிட்டார்.

பிறகு பை எடுத்தார்கள். முதலில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு, கிண்டல் பண்ணிச் சிரித்துக்கொண்டு, கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள். மூன்றாவது காப்பிக் கம்பெனித் தொரை. ஒரு பையைத் தூக்கினார், திரும்ப வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். பேசிக்கொண்டேதான். ஆனால் அவருடைய கட்டைவிரல் பையின் வாய் மடிப்பை லேசாக வெளியே திருப்பியது. நான் பக்கத்தில் நின்றேன், என் கண்ணுக்கு நேராக. இரண்டு புள்ளி, ஒரு கோடு.

அவர் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குக் காது சூடானது. அந்த மடிப்புக்குள் குறி இருப்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அப்பாவும் நானும். நான் சொல்லவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று பார்க்கிறார், என்று நினைத்தேன்.

அந்த ஒரு நினைப்பு போதும். அதற்குமேல் பார்க்கிறதெல்லாம் அதற்கே சாட்சியாக வந்து நின்றது. அடுத்த ஞாயிறு அப்பா என்னைக் கிளப்புக்குக் கூட்டிப்போகவில்லை. "நீ இனிமே அங்க வரவேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "பெரிய பொண்ணு ஆகப்போறே. தொரைமார் இருக்கற எடம்." முந்தின வாரம் வரை நான் பெரிய பெண் இல்லை. ஒரு வாரத்தில் எப்படி ஆவேன்? குறி போடும் வேலையையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். மைக்கிண்ணத்தைத் தானே தரையில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போடுவார். பக்கத்தில் போனால் "போய் விளையாடு" என்பார். மறைக்கிறவர்தான் முதுகைக் காட்டுவார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

பிறகு அந்தக் கேன்வாஸ் ஷூ. ஒரு நாள் பரணில் எதையோ தேடும்போது செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் கையில் பட்டது. வெள்ளை ஷூ, கொஞ்சம் பழசு, ஆனால் நல்ல ஷூ. அப்பா வாழ்நாளில் செருப்புப் போட்டுப் பார்த்ததில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"காப்பிக் கம்பெனித் தொர கொடுத்தது. சட்டைப் பையில மோதிரத்த வச்சு வெளுக்கப் போட்டுட்டார். உங்கப்பா கொண்டுபோய்க் கொடுத்தார், அதுக்கு."

"எந்த மோதிரம்? நான் பாக்கலியே?"

"ஒன்னக் கேட்டுட்டுத்தான் மோதிரம் விழணுமா? போடி."

நான் நம்பவில்லை. மோதிரத்தை யாருமே பார்க்கவில்லை, ஷூ மட்டும் பரணில் இருக்கிறது. அதுவும் போடாமல், மறைத்து. நான் பொட்டலத்தை முன்பு இருந்த மாதிரியே கட்டி வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் மாசமும் நல்ல பாய் காப்பிக் கம்பெனித் தொரைக்கே விழுந்தது. அதை நான் ஜெட்டியில் பார்க்கவில்லை. நம்மோடு படகுத்துறையில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை. தண்ணி எண்ணெய் மாதிரி கிடந்தது. அஞ்சு வள்ளமும் வேலியேற்றத்தில், கடல் தண்ணி உள்ளே ஏறுகிற இழுப்பில், பின்னால் பின்னால் போகிறது. ஒன்று மட்டும் மெதுவாக, ஓசையே இல்லாமல், டிரம்மைச் சுற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். கோடி வீட்டுக்காரி என்னை இடித்தாள்.

"உங்கப்பா நல்லா வெளுத்திருக்கார்டீ அந்தப் பாய!"

"எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் வெளுப்பார்" என்றேன். எனக்கு அழுகை வந்தது. வெயில் கண்ணில் பட்டது என்றேன்.

மூன்றாம் மாசமும் அவருக்கே. இந்தத் தடவை சேட்டனே களத்துக்கு வந்து, சாயா குடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். "கிளப்புல ஆளுக சிரிக்கறது நின்னு போச்சு. மூணு மாசம் ஒரே ஆளுக்கு விழுமோ? செக்ரட்டரி தொர முகம் சரியில்ல." அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தார். நான் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன். குனிந்துகொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மூட்டையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், மிளகுக் கிடங்கு தாண்டின திருப்பத்தில் அப்பா நின்றார். மூட்டையை இறக்கி மதில்மேல் வைத்தார்.

"குட்டி, அந்தத் தொர விஷயத்துல ஒனக்கு ஏதாவது சொல்லணுமா? நான் அடிக்க மாட்டேன்."

என்னைப் பரீட்சை பண்ணுகிறார் என்று நினைத்தேன். எனக்குத் தெரியுமா, யாரிடமாவது சொல்லிவிடுவேனா என்று ஆழம் பார்க்கிறார். அப்பா பிடிபட்டால் கிளப்பு வேலை போகும், கிளப்புத் தொரைமார் வீட்டு வேலையும் போகும், நம் களத்தில் தலை நிமிர முடியாது. அது எனக்குத் தெரியும்.

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேம்பா" என்றேன்.

அவர் முகம் அப்படியே இருண்டது. என் தலையில் கைவைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

தை பிறந்து சில நாளில் சேட்டன் ஓடிவந்தார். செக்ரட்டரி தொரை ஆறு பையையும் உள்வெளியாகத் திருப்பிப் பார்த்துவிட்டார், அப்பாவைக் கையோடு கூட்டிவரச் சொன்னார். அப்பா ஈரத்துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு அப்படியே போனார். நான் பின்னாலேயே போனேன், அவருக்குத் தெரியாமல். படகுக்கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தேன்.

மேஜைமேல் ஆறு பையும் கிடந்தது, வாய் மடிப்பு வெளியே தெரிய. செக்ரட்டரி தொரை நாற்காலியில். காப்பிக் கம்பெனித் தொரை கொஞ்சம் தள்ளி, ஜன்னல் பக்கம், தண்ணியைப் பார்த்துக்கொண்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரி இங்கிலீஷில் கேட்பார், சேட்டன் அதை மாற்றிச் சொல்வார்.

"இந்தக் குறி யாரு இட்டது?"

"நான்தான் சேட்டா."

"வேண்டான்னு சொன்னதல்லே?"

"கை பழக்கம். குறி இல்லாம எனக்கு வேலை செய்யத் தெரியாது. தப்புத்தான்."

"அது போகட்டும். இதை இந்தத் தொரைகிட்ட யாரு பறஞ்சு?"

செக்ரட்டரி மேஜையைத் தட்டினார். ஏதோ நீளமாகக் கேட்டார். சேட்டன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்க வீட்டுல வேற ஆருக்கு இந்தக் குறி அறியும்னு கேக்குது. அறியற ஆளுகள ஒவ்வொருத்தரா விளிச்சுக் கேக்கணும்னு சொல்லுது."

அதுவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்தார்.

"வேற யாருக்கும் தெரியாது. யாரையும் கூப்பிட வேண்டாம். நான்தான் சொன்னேன்."

சேட்டன் அதை உடனே மாற்றிச் சொல்லவில்லை. "எடா, ஆலோசிச்சுப் பேசு" என்றார்.

"ஆலோசிச்சாச்சு. நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

காப்பிக் கம்பெனித் தொரை ஜன்னலை விட்டுத் திரும்பி அப்பாவை ஒரு தடவை பார்த்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிகரெட்டை வெளியே எறிந்தார்.

நான் அங்கேயிருந்து ஓடிவந்துவிட்டேன். காதால் கேட்டாயிற்று. இனி என்ன சந்தேகம்?

அந்தத் தொரையை இரண்டு ஞாயிறு பந்தயத்தில் சேர்க்கவில்லை என்று கேள்வி. அதோடு சரி. எங்களுக்குக் கிளப்பு வேலை போனது. கிளப்பில் இருந்த தொரைமார் வீட்டுத் துணியும் ஒவ்வொரு வீடாக நின்றது. நீங்கள் களத்தில் 'பாய் வித்தவன்' என்று பாட்டுப் பாடினீர்கள். நான் உங்கள்மேல் கல் எறியவில்லை, கவனித்தீர்களா? எறிய எனக்குக் கை வரவில்லை.

பிறகு அப்பா எறணாகுளத்துக்குப் படகேறிப் போய், பிராட்வேயில் ஒரு ஹோட்டலின் போர்வையும் தலையணை உறையும் வாங்கி வந்து வெளுக்க ஆரம்பித்தார். கறை பிடித்த துணி. எண்ணெய், பீடி நாற்றம், இன்னும் சொல்ல முடியாததெல்லாம். ஈர மூட்டையோடு படகில் நின்றுகொண்டே போய்வருவார். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் திட்டுவார்கள். அந்த ஈரம் நெஞ்சில் இறங்கித்தான் இருமல் வந்தது என்று அம்மா சொல்வாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் நான் செய்தது. சோறு போடுவேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். கேட்டால் பதில் சொல்வேன், நானாக ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவர் எனக்கு வளையல் வாங்கி வந்தால் அதை எதை விற்று வாங்கினாரோ என்று நினைப்பேன். வயசு கூடக்கூட அது குறையவில்லை. ஒரு பழக்கம் மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடக்கொச்சியில் இருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. உங்களுக்குத் தெரியும். பையனின் சித்தப்பா காப்பி குடித்துவிட்டு, வாசலில் இறங்கும்போது, "அந்தக் கிளப்புப் பாய் விவகாரம் இந்த வீடுதானா?" என்று கேட்டார். அதோடு அவர்கள் திரும்பி வரவில்லை. எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அன்றைக்கு நான் அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தேன். வருஷக்கணக்கில் பேசாததெல்லாம் சேர்ந்து வந்தது.

"உங்களாலதான். நீங்க பண்ணின காரியத்தாலதான் எனக்கு இந்தக் கதி."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"சரி. என்னாலதான்" என்றார். இருமினார். "நீ சாப்பிடு."

கடைசி நாட்களில் என்னைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்வார். எனக்கு வேலை இருக்கிறது என்பேன். வேலை எதுவும் இருக்காது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் எல்லாரும் போன பிறகு, அம்மா அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாலு சட்டை. நான் அடுப்படியில் இருந்துகொண்டு, யாரிடமும் இல்லாமல், "நல்ல பேராவது வச்சிட்டுப் போயிருக்கலாம்" என்றேன்.

அம்மா எழுந்து வந்து என்னை அறைந்தாள். இருபது வயசுப் பெண்ணை.

"ஒன்னக் காப்பாத்தப் போய் கெட்டதுடி அந்தப் பேரு!"

"என்னையா?"

"நீதானே அந்தத் தொரகிட்ட உளறினே? வள்ளத்துல உக்கார வச்சான், முட்டாய் கொடுத்தான், நீ கொட்டிட்டே. அன்னிக்கே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. பச்சப் புள்ளைய அந்த வெள்ளக்காரன் முன்னால நிறுத்தி விசாரிக்கறதான்னு தன் தலைல போட்டுக்கிட்டார். ஒங்கிட்ட ஒரு நாள் கேட்டப்போகூட, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவர் வாயையே அடைச்சியாமே!"

"அம்மா, நான் சொல்லல."

"சரி விடு."

"சத்தியமா சொல்லலம்மா! அப்பா சொன்னார்னுதான் நான் நெனச்சேன். இத்தனை வருஷமும்."

"இப்ப எதுக்குடி மறைக்கணும்? அவரே போயிட்டார். யாரு ஒன்ன அடிக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு, அடித்த கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சட்டையை மடிக்க உட்கார்ந்தாள். என்னை நம்பவில்லை. நம்பாமலேதான் அன்றைக்கு எனக்குச் சோறும் போட்டாள்.

எனக்குத் தூக்கம் இல்லை. அவர் இல்லை, நானும் இல்லை என்றால் யார்? மூன்று நாள் கழித்துத் துக்கம் கேட்க அந்தச் சேட்டன் வந்தார். வயசாகிவிட்டது, கிளப்பு வேலையை விட்டுவிட்டாராம். சாயா கொடுத்தேன். கொடுத்துவிட்டு நேராகக் கேட்டேன். "சேட்டா, அந்தத் தொரைக்கு எங்க குறிய யாரு சொன்னது?"

சேட்டன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆரு சொல்லணும்? அந்த நல்ல பாய விட்டுட்டுப் போன தொர இல்லே, அவருகூட முன்னால உக்காந்து கயிறு பிடிச்சது இந்தக் காப்பிக் கம்பெனிக்காரன்தான் மோளே. ஒரு வருஷம். பாயோட கீழ்மூலை அவன் முட்டிக்கு நேரே. ரெண்டு புள்ளி, ஒரு கோடு. தினம் காணும்."

"எங்க குறி அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

சேட்டன் சிரித்துவிட்டார். துக்க வீடு என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "சட்டைக் காலர்ல, கால்சட்டை இடுப்புல, தலையணை உறைல எல்லாம் கண்டுகண்டு அவங்களுக்கு அறியாதோ? எல்லாத் தொரைக்கும் அறியும். குறி இல்லாத பை நிங்க கையில இருந்து வராதுன்னும் அறியும், மடிப்புக்குள்ள நோக்கினாப் போரும். வீட்டுத் துணி மாறி வந்தா குறிய நோக்கித்தானே திரிச்சு அனுப்பறது. அறியாதுன்னு நெனச்சது நிங்க ஆளுக மட்டும்தான்."

"அப்ப செக்ரட்டரிக்கும் தெரியுமா?"

"அவருக்கு அந்தத் தொரமேலதான் சந்தேகம். வீட்டு ஆளுகள விசாரிச்சு, ஒண்ணும் இல்லேன்னு ஆக்கிட்டு, அப்புறம் அவனப் பிடிக்கணும்னு இருந்தார். அதுக்குள்ள உங்க அப்பன் நான்தான்னு சொல்லியாச்சு. ஒருத்தன் நான்தான்னு நின்னா பின்னே எந்து விசாரணை? நான் அன்னிக்கே ஆலோசிச்சுப் பேசுன்னு சொன்னேன். கேட்டில்லா."

அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேட்டனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப யாருமே சொல்லலியா?" என்றாள்.

சேட்டன் சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ அவர ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?"

"நீ என்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா."

எங்கள் வீட்டில் இருந்தது மூன்றே பேர். ஒரே பானைச் சோறு. கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

நீங்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பீர்களோ தெரியாது. மகள் தன் அப்பாவுக்காக இட்டுக்கட்டுகிறாள் என்று சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. நான் தப்புச் செய்தவள் என்று நினைத்துக்கொண்டே அப்பா போய்விட்டார். அதை மாற்ற இனி முடியாது. அவரும் சந்தேகப்பட்டார், நானும் சந்தேகப்பட்டேன். அவர் சந்தேகப்பட்டதும் வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார். நான் சந்தேகப்பட்டதும் எழுந்து தள்ளிப் போய்விட்டேன்.